எட்டு வாரமும் கழற்றாத கவர்

மார்ச் 11, செவ்வாய். தவறு: இரண்டாம் போனின் கவரைக் கழற்றாமலே எட்டு வாரம் சோதித்திருக்கிறேன். சின்னத் தவறு என்று எழுதத்தான் வந்தேன். சின்னதுதானா என்று தெரியவில்லை.

இவ்வளவையும் எழுதி, அளவுகோல் வைத்து அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டுத்தான் அவள் தலையில் கை வைத்தாள். எதைப் பார்த்தாலும் குறித்துக்கொள்கிறவள் என்பதால் அந்தச் செல்போன் கடையில் எல்லோருக்கும் அவள் 'நோட்டு'. பகலில் கவுன்ட்டரில் நின்று போன் விற்பாள். மாலையில் போன் பழுதுபார்க்கும் வகுப்புக்கு ஓடுவாள். வகுப்பில் தேற ஒரு சோதனை அறிக்கை எழுதி, வேலை செய்யும் கடையின் முதலாளி கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். தேறினால் பழுதுபார்க்கும் மேசைக்குப் போகலாம். அங்கே நாற்காலி உண்டு. ஒன்றரை வருடமாக நின்றே விற்கும் கால்களுக்கு அது சாதாரண விஷயமில்லை.

சோதனை இதுதான். வகுப்பில் ஒரே மாதிரி இரண்டு புதுப் போன் கொடுத்தார்கள். ஒன்றுக்குக் கம்பி வழியாக மின்சாரம். மற்றதை வயர்லெஸ் சார்ஜர் தட்டின் மேல் வைத்தால் போதும். நாளுக்கு மூன்று தடவை ஏற்றி இறக்கி எட்டு வாரம் பார்த்ததில், கம்பிப் போனின் பேட்டரி நூற்றுக்கு நான்கு தேய்ந்திருந்தது. தட்டுப் போனுடையது ஒன்பது.

ஒன்பது என்றதும் முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. இருநூறு தட்டுகளை வாங்கிக் கழிவறைக் கதவு வரை அடுக்கிவைத்திருந்தார். அதே கடையின் மறுகோடியில் கம்பி விற்பவர் முதலாளி மனைவியின் தம்பி. வாடிக்கையாளர்கள்கூட அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஒரு வாரம் வாய் மூடாமல் சிரித்தார்.

இன்று காலை கண்ணாடியைத் துடைக்கும்போதுதான் நோட்டுக்கு உறைத்தது. முதல் நாளே முதலாளி சொல்லியிருந்தார்: "சோதனை பண்ற போனை உள்ள வச்சா யாருக்குத் தெரியும்? வாசல் கண்ணாடிகிட்ட வை. நல்லதா ஒரு கவரும் மாட்டு. வியாபாரமும் நடக்கட்டும்." அப்படியே செய்தாள். தட்டுப் போன் தடித்த கவரைப் போர்த்திக்கொண்டு எட்டு வாரம் மத்தியான வெயிலில் வெந்தது. கம்பிப் போன் மின்விசிறிக்குக் கீழே சொகுசாகப் படுத்திருந்தது. இரண்டில் எதற்கு முதலில் மூச்சு வாங்கும் என்பதை அவள் கட்டம் போட்டு, மூன்று வண்ண மையில் எழுதியிருக்கிறாள்.

வெயில் வந்ததும் அளந்து பார்த்தாள். கவரோடு வெயிலில் நாற்பத்துநான்கு டிகிரி. கவரைக் கழற்றி நிழலில் வைத்தால் முப்பத்தேழு. கம்பிப் போன் முப்பத்துநான்கு. சூடுதான் பேட்டரியைத் தின்கிறது. ஆனால் அந்த ஒன்பதில் தட்டு தின்றது எவ்வளவு, வெயில் தின்றது எவ்வளவு, கவர் தின்றது எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். அவர் உடனே பேனாவை எடுத்தார்.

"அப்ப எல்லாம் வெயில் பண்ணின வேலை. தட்டு பச்சப்புள்ள. அப்படியே எழுதிக் கொண்டா, போட்டுத் தர்றேன்."

"அப்படியும் எழுத முடியாது சார். நிழல்லயும் மூணு டிகிரி கூடத்தான் சுடுது."

"கேட்டுக்குங்க அத்தான்," என்றார் மச்சான். "ஒன்பதை ஏம்மா கலைக்கிற? நல்லா லட்சணமா இருக்கு."

"அது தப்பான நம்பர்ண்ணே."

"எழுதினது நீதானே?"

"நான்தான். அதனாலதான் சொல்றேன்."

முதலாளி அதற்குள் ஒரு அட்டையை எடுத்து, 'எட்டு வாரம் சோதித்தது, பேட்டரிக்குப் பாதுகாப்பு' என்று எழுதித் தட்டுகளுக்கு மேல் ஒட்டினார். மை காய்வதற்குள் மச்சான் தன் பக்கம் ஒட்டினார்: 'வயர்லெஸ்ஸா? எட்டே வாரத்தில் ஒன்பது சதவீதம் காலி.' ஒரே கூரை, ஒரே சோதனை. இரண்டு அட்டையிலும் அம்புக்குறி அவளைக் காட்டியது.

நர்ஸ் உடுப்பில் ஒரு பெண்மணி உள்ளே வந்தார். அந்த அட்டையைப் படித்தார், இந்த அட்டையைப் படித்தார், அம்பு காட்டியவளிடம் வந்தார்.

"எதும்மா நிஜம்?"

முதலாளி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் நோட்டுக்கு நன்றாகக் கேட்டது. ஆமாம், பாதுகாப்பு என்று ஒரு வார்த்தை சொன்னால் வெள்ளிக்கிழமை அறிக்கை, திங்கட்கிழமை நாற்காலி.

"ரெண்டும் இல்லக்கா. தட்டுல கொஞ்சம் கூடுதலா சுடும். கவரைக் கழட்டி, நிழல்ல, தட்டுக்கு நட்ட நடுவுல வச்சா பெரிய வித்தியாசம் வராதுன்னு நினைக்கிறேன். ஆனா அதை நான் இன்னும் ஒழுங்கா அளக்கல."

"ஒரு கம்பி குத்தற வேலை மிச்சம்னு பார்த்தா, இதுக்கு அதைவிட வேலை இருக்கும்போல."

"கம்பி இந்தப் பக்கம் இருக்குக்கா," என்றார் மச்சான்.

"வீட்ல மூணு கிடக்கு," என்று அவர் வெளியே போனார்.

இப்போது கடையில் இரண்டு பேருக்கும் ஒரே முகம். சோதனையால் விளைந்த முதல் ஒற்றுமை.

"அறிக்கையில என்ன எழுதப் போற?" என்று கேட்டார் முதலாளி.

"எட்டு வாரக் கணக்கு செல்லாதுன்னு."

"செல்லாததுக்கு என் கையெழுத்து எதுக்கு? அடுத்த பேட்ச்ல எழுது. அதுவரைக்கும் கவுன்ட்டர்லயே நில்லு." பேனா பைக்குள் போய்விட்டது.

மாலை வகுப்பில் தன் பெயரை அடுத்த பேட்ச் பட்டியலில் எழுதிக்கொடுத்தாள். நேர்மையா, அசட்டுத்தனமா என்று பேருந்தில் வரும்போதெல்லாம் யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. கால் வலித்தது, அதில் மட்டும் சந்தேகம் இல்லை. நோட்டைத் திறந்து, காலையில் போட்ட கோட்டுக்குக் கீழே எழுதினாள்:

நாளை, புதன்: வகுப்பில் புதிதாக இரண்டு போன் கேட்க வேண்டும். இரண்டுக்கும் கவர் கூடாது. இரண்டையும் கடையின் உள் அலமாரியில், ஒரே அடுக்கில் வைக்க வேண்டும். முதல் அளவு, இரவு எட்டு மணிக்கு.