மூலையில் விரித்த துண்டு

டென்னிஸ் கிளப் அணியில் ஒரே ஒரு இடம்தான் பாக்கி. அதற்கு முட்டிக்கொண்டது யார் என்கிறீர்கள்? அக்கா தங்கையைக் கட்டிய இரண்டு சகலைகள். மூத்தவர் பல் டாக்டர், இளையவர் எலக்ட்ரீஷியன். கல்யாணமான நாளிலிருந்தே இருவருக்கும் ஆகாது.

குறி பிசகாமல் அடித்துப் பழக, டாக்டர் பந்து எறியும் மெஷினே வாங்கிவிட்டார். கோர்ட் மூலையில் ஒரு துண்டை விரித்து, மூன்று மாதம், தினமும் இருநூறு பந்து. மெஷினும் அச்சுப் பிசகாமல் இடுப்பு உயரத்துக்கே போடும். இருபதுக்குப் பதினெட்டு துண்டில் விழுந்தது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை.

எலக்ட்ரீஷியனுக்கு மெஷின் ஏது? மனைவிதான் எறிந்தாள். இவர் ஆடப்போவதே அவளுக்குப் பிடிக்காது. அந்தக் கடுப்பில் ஒன்று காலடியில் வரும், இன்னொன்று காதோரம் பறக்கும்.

தேர்வன்று டாக்டர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். கோச்சம்மா தடுத்தார்.

"அது வேணாம் சார். ஆளுக்கு இருபது பந்து, மூலைத் துண்டுல அதிகமா விழவைக்கிறவருக்கு இடம். எதிராளிதான் போடணும், இங்க அதான் வழக்கம். கோர்ட்டுக்குள்ள விழுந்தா எப்படிப் போட்டாலும் கணக்குதான்."

"இந்தாளு போட்டு நான் அடிக்கணுமா?"

"மேட்ச்ல மட்டும் உங்க மாமியாரா வந்து போடப்போறாங்க?"

எலக்ட்ரீஷியன் போட்ட முதல் பந்து கணுக்காலுக்கு வந்தது. டாக்டர் அதை வலையில் அடித்தார்.

"ஒழுங்கா போடுய்யா!"

"உள்ளதானே விழுந்துச்சு சகல? பல்லு பிடுங்குறப்ப நல்லா குனியறீங்க, இங்க குனிஞ்சா என்ன?"

பெஞ்சில் டாக்டரின் மனைவி சிரித்துவிட்டாள்.

"நீ யார் பக்கம்டி?"

"முதல்ல பந்தைப் பாருங்க."

இடுப்புக்கு வந்தவை மட்டும் துண்டில் விழுந்தன. மொத்தம் ஐந்து.

அடுத்து டாக்டர் போடும் முறை. வயிற்றெரிச்சலை எல்லாம் பந்தில் ஏற்றினார். குட்டையாக, எட்டாத உயரமாக, நெஞ்சுக்கு நேராக. எலக்ட்ரீஷியன் பெஞ்சிலிருந்த மனைவியைப் பார்த்தார்.

"ஏம்மா, நீயே தேவலை போலிருக்கே!"

"வாயை மூடிட்டு அடிங்க!"

பன்னிரண்டாவது பந்திலேயே ஆறாவது முறை துண்டில் விழுந்தது.

"போதும் சார்," என்று கோச்சம்மா இளையவர் பெயரை எழுதினார்.

"எட்டுப் பந்து மிச்சம் இருக்கு!" டாக்டர் நிறுத்தவில்லை. ஏழு பந்தில் ஐந்து மறுபடி துண்டுக்குத்தான் போயின. கடைசிப் பந்தை சகலையின் மூக்கைக் குறிவைத்தே வீசினார். எலக்ட்ரீஷியன் ஒதுங்கி ஓங்கி அடித்தார். அது துண்டுக்குப் போகவில்லை. டாக்டரின் தொடையில் பட்டுத் தெறித்தது.

"அய்யய்யோ, குறி தப்பிடுச்சு சகல."

டாக்டர் தொடையைத் தேய்த்துக்கொண்டே முறைத்தார்.

"தப்பலடா. எனக்குத் தெரியும்."