நான்கு சுவரும் ஒரு கூரையும்

"கடைசி வரியில உம் பேரு போட்ருக்குக்கா," என்றாள் வெல்மா.

எர்லீன் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு கணினித் திரையில் எதையோ அழித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை, மாநிலத் தலைநகர் பேட்டன் ரூஜில் அரசு அலுவலகம். கூடத்துக் கோடியில் யாரோ சிவப்பு பீன்ஸைச் சூடு பண்ணுகிற வாசனை, மூன்றாவது மாடி முழுக்கப் பரவியிருந்தது.

"எதுல?"

"எதுலயா? எங்கடைய மூடச் சொன்ன விதியில. இன்ஸ்பெக்டர் வெறும் நம்பர எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. நூலக வண்டி வந்துச்சு, அந்தப் பொண்ணுதான் அரசிதழ்ல தேடி அச்சடிச்சுக் குடுத்தா. ரெண்டு பக்கம். கண்ணாடியப் போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சேன். ஒண்ணும் புரியல. கடைசில, விவரம் வேண்டுவோர் எர்லீன் நாக்கேனைக் கேட்கலாம்னு போட்ருந்துச்சு. அது மட்டும் புரிஞ்சுச்சு. அதான் கேக்கறேன்."

எர்லீனின் விரல் விசையின் மேலேயே நின்றுவிட்டது. "உங்கடைய மூடிட்டாங்களா? எப்போ?"

"வெள்ளிக்கிழமை. நாலு சுவரும் கூரையும் இல்லியாமே எனக்கு. அது ஆகஸ்ட்லேர்ந்தே இல்ல, இப்பதான் பேட்டன் ரூஜுக்குத் தெரிஞ்சுதா?"

வெல்மாவின் சாப்பாட்டுக் கடை பத்தொன்பது வருஷமாக பெல் ஆன்ஸ் கழிக்கரையில் இருந்தது. ஆகஸ்ட் புயல் அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சதுப்பில் போட்டுவிட்டது. மிச்சம், வெறும் கான்கிரீட் தளம். அதன் பக்கத்தில் ஒரு சமையல் டிரெய்லரை வாடகைக்கு நிறுத்தி, செப்டம்பர் கடைசியிலிருந்து மறுபடி அடுப்பு மூட்டியிருந்தாள். கூரை வேய வந்திருந்த அறுபது ஆட்கள் மத்தியானம் அவளிடம்தான் சாப்பிட்டார்கள்.

"சுவர் வெச்சுடேன்டி, நாலு பலகை அடிச்சு."

"அத நான் யோசிக்கலன்னு நெனச்சியா? வட்டார ஆபீசுக்குப் போனேன். வையி, ஆனா பத்தடி ஒசரத்துல தூண் மேல வையிங்கறான். வெள்ள மட்டமாம். கூரைக்காரன் ஏணி வெச்சு ஏறி வந்து கம்போ சூப்பு குடிப்பானா?" அவள் சிரிக்கவில்லை. "அக்கா, அந்த ஆளுங்களோட மேஸ்திரி சொல்லிட்டான். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள தொறக்கலன்னா, டவுன்லேர்ந்து பொட்டலம் வரவழைச்சுக்குவானாம். அவங்க போயிட்டா டிரெய்லர் வாடகை யாரு குடுக்கறது? எம் பொண்ணு டெனீஸ் ஹூஸ்டன்லேர்ந்து தினம் கூப்பிடறா. கிறிஸ்துமஸுக்கு வா, வந்தா அப்படியே இருந்துடுங்கறா. போனா நான் திரும்பி வர மாட்டேன். எனக்கே தெரியும்."

"இரு. நான் பாக்கறேன்."

"பாரு. நீ எழுதுனதா அது?"

எர்லீன் தொலைபேசியைத் தோளிலிருந்து கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆமா."

"சரி," என்று வைத்துவிட்டாள் வெல்மா. திட்டியிருந்தால் தேவலை.

அவள் எழுதியதுதான். நாற்பது நிமிஷத்தில் எழுதியது. புயல் கடந்துபோன வாரம், வெளி மாநிலத்திலிருந்து ஜெனரேட்டரும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் சாலையோரத்தில் நாலு மடங்கு விலைக்கு விற்றுவிட்டு, வரி கட்டாமல் மறைந்துகொண்டிருந்தார்கள். மேலதிகாரிகள் இருந்த மாடியிலிருந்து கட்டளை வந்தது: மாலை நாலரைக்குள் அவசர விதி. எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பழைய விதி ஒன்றை எடுத்து, தேதியை மாற்றி, ஆபத்து என்ன என்ற பத்தியை மட்டும் புதிதாக எழுதினாள். பழைய விதி, மார்டி கிரா திருவிழா ஊர்வலத் தெருக்களில் மணிமாலை விற்க வருகிறவர்களுக்காகப் போட்டது. நான்கு சுவரும் கூரையும் கொண்ட நிலையான கட்டடம் இல்லாத எவரும் வெளி விற்பனையாளர். அவருடைய லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்படும். ஊர்வலத் தெருவில் அந்த வரி சரியாகத்தான் இருந்தது. காற்று வந்து கட்டடங்களை எடுத்துப் போயிருந்த கரையில் அது யாரைப் பிடிக்கும் என்று அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. ஜெனரேட்டர்காரர்கள் அக்டோபரிலேயே போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர்கள் கரைக்கு வந்து சேர்ந்ததே நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விடுமுறைக்கு அப்புறம்தான்.

மறுநாள் காலை கிளோவிஸ் சாவ்வாவின் அறைக்குப் போனாள். அவர் பிரிவின் இயக்குநர். மேஜை மேல் சாட்சுமா ஆரஞ்சு ஒன்றை உரித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், அவள் புருஷன் செத்தபோது மூன்று நாள் சாப்பாடு அனுப்பினவர்.

"உக்காருங்க, மிஸ் எர்லீன். சுளை எடுத்துக்குங்க."

"வேண்டாம். செப்டம்பர் விதியில ஒரு வரி தப்பா இருக்கு. நான் பண்ணுன தப்பு. கரையில நம்ம ஆளுங்களையே மூடிக்கிட்டு இருக்கோம்."

"எத்தன பேரு?"

"முப்பத்தேழு."

"எண்ணிட்டீங்களா?" அவர் சுளையிலிருந்து நாரை எடுத்தார். "சரி, திருத்தணும். எப்படித் திருத்துவீங்க?"

"ஒரு அவசரத் திருத்தம் போடலாம்."

"போடலாம். அதுல ஆபத்து என்னன்னு எழுதணுமே. பொதுமக்களுக்கு உடனடி ஆபத்துன்னு. என்ன ஆபத்து?"

"நம்ம விதிதான் ஆபத்து."

அவர் சிரித்தார், கேலியாக இல்லை. "அப்படி எழுதினா சட்டமன்றக் குழு நம்மளக் கூப்பிட்டு நிக்க வெச்சுடும். அவசரம்னு சொல்லித்தானே அதப் போட்டீங்க, இப்ப அதையே அவசரம்ங்கறீங்களே, எது பொய்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? எர்லீன் அவசரமா எழுதிட்டாங்கன்னா?"

"சாதாரண வழியில மாத்தலாமே."

"அது உங்களுக்குத் தெரியாததா? அறிவிப்பு, செலவுக் குறிப்பு, கருத்துக் கேட்பு, குழு. மே மாசம் ஆகும்."

"அப்போ சாக விடுங்க. நூத்தியிருபது நாள்தான் அதுக்கு உயிரு. ஜனவரி மூணாந்தேதி தானா முடிஞ்சுடும்."

கிளோவிஸ் கையைத் துடைத்துக்கொண்டார். "முடியாது, எர்லீன். மாடியில கடைக்காரர் சங்கத்துக்கு வாக்குக் குடுத்துட்டாங்க. இன்னும் நூத்தியிருபது நாள் நீட்டணும்னு நேத்துச் சொன்னாங்க. வர்ற வியாழக்கிழமை அரசிதழுக்குப் போகணும். நீங்கதான் எழுதணும்."

"அதே வரியோடயா?"

"அதே வரியோட. அதுல ஒரு எழுத்து மாறினாலும் அது நீட்டிப்பு இல்ல, புது விதி."

எர்லீனுக்கு எழுந்து போக வேண்டும் போல் இருந்தது. ஆனால் எங்கே போவது என்று தெரியவில்லை. ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினோரு மாசம். அவள் எழுதாவிட்டால் அடுத்த மேஜைக்காரி அரை மணி நேரத்தில் எழுதிவிடுவாள். வரி அப்படியே இருக்கும்.

"அந்த முப்பத்தேழுல," என்றார் கிளோவிஸ், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா? தகுந்த காரணம் இருந்தா இயக்குநர் எழுத்துல விலக்குக் குடுக்கலாம்னு ஆறாவது பத்தியில இருக்கு. நான் ஒரு கடிதம் போடறேன்."

"முப்பத்தேழு கடிதம் போடுங்களேன்."

"முப்பத்தேழு போட்டா அதுக்குப் பேரு விலக்கு இல்ல, விதி. விதிய மாத்தற அதிகாரம் எனக்கு இல்ல. ஒண்ணு போடலாம்." அவர் திரும்பினார். "யாரு, என்ன உறவுன்னெல்லாம் எங்கிட்டச் சொல்லாதீங்க. பேரும் ஊரும் மட்டும் எழுதிக் குடுங்க. வியாழக்கிழமை நீட்டிப்பையும் கொண்டு வாங்க. ரெண்டுலயும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவர் குரலில் இருந்தது அன்புதான். ஆனால் சொந்தத் தங்கைக்குச் சலுகை வாங்கினது வெளியே வந்தால் பதினோரு மாசம் என்ன, முப்பது வருஷ வேலையும் போகும். வெளியே வராவிட்டாலும், இனி இந்த அறையில் எந்தத் தாளை நீட்டினாலும் அவள் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

சாயங்காலம் காரிலிருந்தே வெல்மாவைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"எனக்கு மட்டுமா?" என்றாள் வெல்மா.

"உனக்கு மட்டும்."

"எதிர்ல தியென் கூடாரம் இருக்கு. இறால் விக்கற தியென். அவரையும் மூடிட்டாங்க. அந்தப் பக்கம் ஆல்சீட், மோட்டார் ரிப்பேரு. லோரெட்டா ஆரஞ்சு. எல்லாரும் எங்கடைக்கு வந்துதான் காபி குடிக்கறாங்க. நான் மட்டும் தொறந்து வெச்சுக்கிட்டு, அவங்க மூஞ்சிக்கு நேரா எப்படிடி கரண்டியப் புடிக்கறது?"

கோபம் வந்தால் அக்காவை டி போடுவது வெல்மாவின் பழக்கம்.

"வேண்டாம்னு சொல்லு. நான் அவர்கிட்டச் சொல்லிடறேன். நீட்டிப்பையும் எழுத மாட்டேன்னு சொல்லிடறேன்."

"சொன்னா என்ன ஆகும்?"

"வேற யாராவது எழுதுவாங்க."

"அப்போ எதுக்குச் சொல்ற? மனசுக்கு நல்லா இருக்கறதுக்கா?" அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். "கடிதத்த வாங்கு. மனசாட்சிதான் பெருசுன்னு இருந்தா, கடைய விட்டுட்டு நான் எப்பவோ ஹூஸ்டன் போயிருப்பேன். எனக்கு வயசு அம்பத்தாறு. வாங்கு."

எர்லீன் எதிர்பார்த்தது வேறு. வேண்டாம் என்று அவள் சொல்லிவிடுவாள், இரண்டு பேரும் சேர்ந்து தோற்றுப்போகலாம் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்திருக்கிறது. அது இப்போதுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை காலை நீட்டிப்பை எழுதினாள். பெரிதாகச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தேதியை மாற்ற வேண்டும், ஆபத்துப் பத்தி இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தவில்லை. பொருந்துகிற மாதிரி எழுதினாள். அது அவளுக்குக் கைவந்த வேலை. கிளோவிஸ் இரண்டு தாளிலும் ஒரே பேனாவால் கையெழுத்துப் போட்டார். கடிதத்தையும் அவளே எழுதியிருந்தாள், ஒரே வாக்கியம்: பெல் ஆன்ஸில் உள்ள வெல்மா மெலான்சனின் விற்பனையிடம் மேற்படி விதியிலிருந்து விலக்கப்படுகிறது.

"விற்பனையிடம்னா டிரெய்லர்தானே?" என்று கேட்டார்.

"டிரெய்லர்தான்," என்றாள் எர்லீன்.

கடிதத்தை அன்றைக்கே வெல்மாவுக்கு அனுப்பினாள். சனிக்கிழமை பகலில் அவள் பெல் ஆன்ஸுக்குக் காரோட்டிக்கொண்டு போனாள். கரைச் சாலையில் நீல நிறத் தார்ப்பாய் போட்ட வீடுகள். வெல்மாவின் தளத்தருகே திரும்பியதும் காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

டிரெய்லர் தனியாக இல்லை. அதன் கொக்கியிலிருந்து ஒரு படகுக் கயிறு புறப்பட்டு ஆல்சீடின் வண்டிக்குப் போனது. அங்கிருந்து லோரெட்டாவின் ஆரஞ்சுப் பெட்டிகள் அடுக்கின தள்ளுவண்டிக்கு. அங்கிருந்து சாலையைத் தாண்டி இழுத்துக்கொண்டு வந்த தியெனின் கூடாரத்துக் கால்களுக்கு. எல்லாவற்றையும் சுற்றி எல்லைக் கோடு மாதிரி ஒரு மஞ்சள் நாடா. முன்னால் ஒரு பலகையில் வெல்மாவின் கோணல் எழுத்து: வெல்மா மெலான்சன் விற்பனையிடம். கீழே, பிளாஸ்டிக் உறைக்குள் கிளோவிஸின் கடிதம்.

கூரைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். கல்லாவில் லோரெட்டா இருந்தாள்.

"வாங்கக்கா," என்றாள் வெல்மா, டிரெய்லர் ஜன்னலிலிருந்து. "கடை கொஞ்சம் பெருசாயிடுச்சு."

"என்னடி பண்ணி வெச்சிருக்க?"

"ஏன், விற்பனையிடம்னு போட்ருக்கு. எத்தன அடின்னு போடல. நீதான எழுதுன?"

தியென் ஐஸ் பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினார். "வரியெல்லாம் வெல்மா பேர்லயே கட்டிடறோம், மிஸ் எர்லீன். ஒருத்தரும் ஏமாத்தல. பயப்படாதீங்க."

"நான் பயப்படல," என்றாள் எர்லீன். பொய். செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் இந்தப் பக்கம் சுற்று வருவார் என்று அவளுக்குத் தெரியும். அட்டவணை போட்டதே அவள்தான். கண்ணால் பார்த்ததைச் சொல்ல வேண்டியது அவள் வேலை. சொன்னால் கடிதம் எப்படி வந்தது என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால், இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்கு எழுதுகிற முதல் கேள்வி அவள் மேஜைக்குத்தான் வரும், விற்பனையிடம் என்றால் என்ன என்று. அதற்கு அவள் ஒரு பதில் எழுத வேண்டும்.

வெல்மா கீழே இறங்கி வந்து ஒரு தட்டை அவள் கையில் வைத்தாள். சோறு, இறால், ஒரு துண்டு ரொட்டி.

"சாப்பிடு. நீ எதையும் பாக்கல, சாப்பிட வந்த. அவ்வளவுதான்."

"மத்த ஊர்ல இன்னும் முப்பத்து மூணு பேர் இருக்காங்கடி. அவங்களுக்குக் கயிறு கட்ட ஒண்ணுமில்ல."

வெல்மா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையைப் பார்த்தாள். ஆல்சீட் குறட்டால் கயிற்றின் முடிச்சை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர், அங்கிருந்தே கேட்டார்:

"இது எத்தன நாளைக்கு மிஸ் எர்லீன்?"

"மே மாச ஆரம்பம் வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அப்புறமும் நீட்டச் சொல்லுவாங்க."

"யாரு எழுதுவா?"

வெல்மா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். எர்லீன் தட்டில் இருந்த இறாலை முள்கரண்டியால் ஓரம் தள்ளினாள். மறுபடியும் நடுவுக்குக் கொண்டு வந்தாள்.

"நான்தான்," என்றாள்.

"நல்லதாப் போச்சு," என்றார் ஆல்சீட், அதை மனசாரச் சொல்லிவிட்டு, அடுத்த முடிச்சுக்குப் போனார்.

அவள் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். தட்டு சுட்டது. கீழே வைக்க இடமில்லை.