பதினாலு தடவை போன முகடு

முப்பத்தெட்டு வருஷம் ஹல்த்வானிக்கும் பாகேஷ்வருக்கும் நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்த கண்டக்டர் நான். அந்த மலைப்பாதையில் மூவாயிரத்து நூற்றுப் பதினோரு வளைவுகள். எண்ணியவன் நான்தான், யாராவது குறைத்துச் சொன்னால் நடுவில் தூங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு வளைவிலும் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுப்பார். அவர்கள் கவனத்தைத் திருப்பத்தான் பினாத் முகட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

பஸ்ஸிலிருந்து பார்த்தால் பனிமலை குழந்தையின் பால்பல் அளவுக்குத்தான் தெரியும். பினாத் முகட்டுக்கு ஏறிப் போனால் கதையே வேறு என்பேன். அங்கே நந்தா கோட் பனிச்சிகரம் மூக்குக்கு நேரே நிற்கும், பீடி பற்றவைக்கக் குனிந்தால் நெற்றி பனியில் இடிக்கும் என்பேன். ஒரு நாள் ஒருவர், நீங்க போயிருக்கீங்களா தாஜ்யூ என்று கேட்டார். அண்ணன் முறை வைத்து ஒருவர் அவ்வளவு ஆசையாகக் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? ரெண்டு தடவை என்றேன். அவருக்கு வாந்தி நின்றுவிட்டது.

அந்த ரெண்டு, சருலியைப் பெண் பார்க்கப் போன அன்று மூன்றானது. அவள் அப்பா அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார். அப்புறம் அந்த எண்ணிக்கை கொல்லையில் பூசணி வளர்வதுபோலத் தானாக வளர்ந்தது. நான் ஓய்வு பெற்றபோது பதினாலில் வந்து நின்றது. உண்மையில் நான் அங்கே போனது ஒரு தடவைகூட இல்லை. நின்றே பிழைத்தவனுக்கு லீவு நாளில் படுத்துக் கிடப்பதைவிட வேறு சொர்க்கம் கிடையாது.

ஜோஷி மாஸ்டர் ரூபத்தில் வந்தது வினை. அம்பாதத் ஜோஷி பாகேஷ்வர் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். இருபது வருஷம் என் பஸ்ஸில் வந்து, நான் விட்ட கதையையெல்லாம் அப்படியே பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியவர். என்னால் எத்தனை பேர் பரீட்சையில் தேறாமல் போனார்களோ தெரியாது. அவரும் ஓய்வு பெற்ற கையோடு ஒரு நாள் வீட்டுக்கு வந்து, துல்சி தானு என்ற வழிகாட்டிப் பெண் ஏப்ரலில் பினாத் முகட்டுக்கு ஒரு குழுவை அழைத்துப் போகிறாள், சருலியையும் சேர்த்து நம் மூன்று பேருடைய பெயரையும் கொடுத்துவிட்டேன் என்றார். எனக்கு முட்டி வலி என்றேன். நேற்று அக்ரூட் மரத்தில் ஏறும்போது அந்த முட்டி எங்கே போயிருந்தது என்று அடுப்படியிலிருந்து சருலி கேட்டாள். அதோடு பேச்சு முடிந்தது.

என் வீட்டில் என் வார்த்தைக்கு இருந்த மரியாதை முழுவதும் அந்த முகட்டின்மேல்தான் உட்கார்ந்திருந்தது. கதவுத் தாழ்ப்பாள் எப்படி மாட்டுவது என்பதிலிருந்து மகளை எங்கே கொடுப்பது என்பது வரை, "பினாத் முகடு ஏறின ஆளுக்குத் தெரியாதா?" என்று சொல்லித்தான் நான் ஜெயித்திருந்தேன். அது பொய் என்று சருலிக்குத் தெரிந்தால், முப்பத்தாறு வருஷத்து வழக்குகள் எல்லாம் மறுபடி விசாரணைக்கு வந்துவிடும்.

துல்சியோடு சேர்த்து ஒன்பது பேர் கிளம்பினோம். லக்னோவிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி, கல்கத்தாவிலிருந்து மூன்று சிநேகிதர்கள், பிறகு நாங்கள் மூவர். துல்சிக்கு முப்பது வயது இருக்கும். என் தோள் உயரம்தான். அவள் முதுகில் இருந்த மூட்டையோ என்னைவிட உயரம். மாஸ்டர் எடுத்த எடுப்பிலேயே அவளிடம் என் பதினாலைப் போட்டுவிட்டார். அவள் என் புத்தம்புதுக் காலணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சித்தப்பா முறை வைத்து என்னைக் கூப்பிட்டாள்.

"அப்ப கக்கா கடைசியா வாங்க. யாரும் பின்தங்காம பாத்துக்கங்க. உங்களுக்குத்தான் வழி தெரியுமே."

சந்தோஷமாகத் தலையாட்டினேன். கடைசியில் வருகிறவனுக்கு வழி எதற்கு? முன்னால் போகிறவர் முதுகு போதும்.

ஆனால் அந்தக் காட்டுக்குள் நுழைந்ததும் முன்னால் போன முதுகைக்கூட மறந்துவிட்டேன். மலைச்சரிவு முழுக்கத் தீப்பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். புராஞ்ச் பூத்திருந்தது. என் வீட்டுக் கொல்லையிலும் ஒரு மரம் உண்டு. வருஷா வருஷம் அதன் பூவைப் பிழிந்து சர்பத் போட்டுக் குடிப்பவன்தான் நான். அங்கே ஒன்றா ரெண்டா, ஒரு கோடி மரம். குறைத்தே சொல்கிறேன். மேலே சிவப்பு, பக்கத்தில் சிவப்பு, உதிர்ந்து பாதையெங்கும் சிவப்பு. அந்த வெளிச்சத்தில் கல்கத்தாக்காரர்களின் வெள்ளைத் தாடிகூடக் கல்யாண மாப்பிள்ளைத் தாடியாகிவிட்டது. காலணியோடு அதன்மேல் நடக்க எனக்குக் கூசியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். மாஸ்டர் திரும்பிப் பார்த்து, என்ன தாஜ்யூ, இன்றைக்குத்தான் பார்ப்பதுபோல நிற்கிறீர்கள் என்றார். எத்தனை தடவை வந்தாலும் இது முதல் தடவை மாதிரிதான் மாஸ்டர் என்றேன். கல்கத்தாக்காரர்களில் ஒருவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஏற்றம் செங்குத்தானது. இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால் துல்சி திரும்பாமலே, இதோ அந்த வளைவுதான் என்பாள். அந்த வளைவுக்குப் போனால் அங்கே இன்னொரு வளைவு இருக்கும். இதோ அந்த வளைவுதான். மலைக்காரர்கள் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வரும் பொய் இது. பஸ்ஸில் நானே லட்சம் தடவை சொல்லியிருக்கிறேன், அல்மோராவுக்கு ஐந்து மணி நேரம் இருக்கும்போதுகூட. வாங்கிக்கொள்கிற பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பதினேழாவது வளைவில், நான் ஏமாற்றிய பயணிகள் அத்தனை பேரிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சருலி மட்டும் மூச்சு வாங்காமல் ஏறினாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சந்தைக்குப் போகிறவள் மாதிரி. எனக்கு முன்னால் போகிற அவள் குதிகாலைப் பார்த்தபடியே ஏறினேன். ஓரிடத்தில் அவள் சட்டென்று நின்று கையை நீட்டினாள். பத்தடி தூரத்தில் ஒரு மோனால் சேவல். மயில் கழுத்தையும் செம்புக் குடத்தையும் வானவில்லையும் உரலில் இட்டு இடித்து உருட்டி வைத்ததுபோல ஒரு பறவை. எங்களைப் பார்த்தது. நாங்கள் எல்லாம் ஏதோ அழுக்குத் துணி மூட்டைகள் என்று முடிவு செய்து, பள்ளத்தாக்குக்குள் சறுக்கி இறங்கியது. லக்னோ மாப்பிள்ளை மனைவியின் கையைப் பிடித்திருந்தான். கண்ணில் தண்ணீர்.

மறுநாள் பிற்பகல் முகட்டுக்குக் கீழே இருக்கும் புல்வெளிக்கு வந்து சேர்ந்தோம். துல்சி கேழ்வரகு ரொட்டி சுட்டு, கொள்ளுப் பருப்பு ஊற்றினாள். வெயில் இறங்குவதற்குள் எல்லோரையும் உட்காரவைத்து ஒரு விஷயம் சொன்னாள்.

"நாளைக்கு மேல போனதும் புதுசா வர்றவங்க எல்லாம் முன்னாடி வந்து நில்லுங்க. ஏற்கனவே வந்தவங்க பின்னாடி. புது ஆளுங்களோட பேரையும் ஊரையும் நான் நந்தாகிட்ட சொல்லணும். எங்க ஊர் வழக்கம். அவ நம்ம வீட்டுப் பொண்ணு. கட்டிக்கொடுத்துட்டோம், அவ்வளவு உயரத்துல தனியா கிடக்கா. பொறந்த வீட்டுலருந்து யாரு வந்திருக்காங்கன்னு தெரியாட்டி அவளுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"

கல்கத்தாக்காரர்கள் ரொம்ப அழகான வழக்கம் என்றார்கள். மாஸ்டர் என் முதுகில் தட்டி, நாளைக்குப் பின் வரிசையில் நீங்கள் ஒருத்தர்தான் தாஜ்யூ, ராஜா மாதிரி நிற்கலாம் என்றார்.

மனிதர்களிடம் பொய் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. பாதிப் பேர் அதைக் கேட்கத்தான் என் பஸ்ஸில் ஏறினார்கள். ஆனால் நந்தா வேறு, அந்தப் பனிமலையில் குடியிருக்கும் எங்கள் தேவி. எங்கள் மலையில் அவளுக்கு அண்ணன் தம்பி அல்லாத ஆண் கிடையாது. கட்டிக்கொடுத்த தங்கையின் வாசலுக்கு முதல் தடவையாகப் போய், உள்ளே வராமல், பேர் சொல்லாமல், ஏற்கனவே வந்தவன்போல ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புகிறவன் என்ன அண்ணன்? முன்னால் போய் நின்றாலோ சருலிக்குத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, விடிவதற்குள் முடிவெடுத்தேன். தங்கை மன்னித்துவிடுவாள். சருலி மாட்டாள். பின் வரிசைதான்.

காலையில் முகட்டில் ஏறியபோது மேகம் கவிழ்ந்திருந்தது. முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. நீட்டிய கை மணிக்கட்டோடு காணாமல் போனது. துல்சி, புதியவர்கள் இந்தப் பக்கம் வாருங்கள் என்று கூப்பிட்டாள். நான் மெல்லப் பின்வாங்கி, ஒரு கரும்பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

அங்கே ஏற்கனவே ஒருத்தி நின்றிருந்தாள். சருலி.

வரிசை மாறி நிற்கிறாள் என்று நினைத்து அவள் காதருகே குனிந்தேன். "முன்னாடி போ சருலி. புது ஆளுங்க அங்க."

"தெரியும். நீங்க இங்க என்ன பண்றீங்க?"

அவள் பாறையை உள்ளங்கையால் தடவினாள். எருமையின் நெற்றியைத் தடவுவது மாதிரி. "மாமா எருமை ஓட்டிட்டு வருவாரு. ரெண்டு வெயில்காலம் நானும் வந்தேன். ஒன்பது வயசு, பத்து வயசு. இந்தக் கல்லு மறைவுலதான் அடுப்பு."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டாத்தானே. சொல்லிட்டே இல்ல இருந்தீங்க."

கோபம் இருக்கிறதா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை. நான் அடுத்து எந்தப் பக்கம் காலை வைக்கிறேன் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாறையிலிருந்து முன் வரிசைக்கு எட்டே அடி. அதற்குள் மூவாயிரத்து நூற்றுப் பதினோரு வளைவும் இருந்தன. நடந்தேன். போய் மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தாஜ்யூ, அந்தப் பதினாலு?"

"அது எல்லாம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே போனது மாஸ்டர்."

அவர் உதடு துடித்தது. இருபது வருஷப் பாடம் அவருக்குள் மளமளவென்று சரிந்திருக்க வேண்டும். ஆனால் துல்சி பேர் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். வேண்டுதல் குரல் இல்லை அது. அக்கம்பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்லும் குரல். லக்னோப் பிள்ளைகளைச் சொன்னாள். கல்கத்தாவிலிருந்து மூன்று பேர், வயிறு கொஞ்சம் சரியில்லை, பார்த்துக்கோ என்றாள். மாஸ்டரைச் சொன்னாள். கடைசியில் என்னிடம் வந்தாள். அவள் முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

"நந்தா, இது கிம் சிங் போரா. பாகேஷ்வர். பஸ்ஸுல இருந்தவரு. இப்பத்தான் வர நேரம் கிடைச்சிருக்கு."

நான் தலையைக் குனிந்தேன். நிமிர்ந்தபோது மேகம் கிழிந்தது.

முதலில் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. மலை இருக்க வேண்டிய உயரத்தில் பார்த்தேன். அங்கே வெறும் பாறையும் நிழலும். கழுத்தை இன்னும் உயர்த்தினேன். மேகம் இருக்க வேண்டிய இடத்தில் பனி. அதற்கும் மேலே, வானம் மட்டுமே இருப்பதற்கு உரிமை உள்ள இடத்தில் இன்னும் பனி, விளிம்பில் சூரியன் பட்டு எரிந்துகொண்டிருந்தது. உச்சியிலிருந்து பனிப்புகை ஒன்று முந்தானைபோலக் கிழக்கே பறந்தது. எங்கோ ஒரு பனிப்பாளம் உடைந்து சரிந்தது. சரிந்து முடித்து வெகுநேரம் கழித்து அதன் சத்தம் வந்து என் நெஞ்செலும்பில் தட்டியது. பால்பல்லாம். பீடி பற்றவைக்கக் குனிந்தால் நெற்றி இடிக்குமாம். என்ன அற்பமான பேச்சு. இத்தனை வருஷம் பெரிய புளுகன் என்று என்னைப் பற்றி நானே பெருமைப்பட்டிருந்தேன். கஞ்சத்தனம் அல்லவா பண்ணியிருக்கிறேன். ஆயிரம் மடங்கு கூட்டிச் சொல்லியிருந்தாலும் அடிவாரம்கூட வந்திருக்காது.

மாஸ்டர் அழுதுகொண்டிருந்தார். என்மேல் இருந்த கோபத்துக்கு அழவில்லை என்று தெரிந்தது, ஏனென்றால் என் கையைப் பிடித்திருந்தார். சொல்லுங்கள் தாஜ்யூ, எதையாவது சொல்லுங்கள் என்றார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ. காதில் குளிர் ஏறியதும் திரும்பிப் பாறைக்குப் போனேன். சருலி அதில் சாய்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இந்த மலை எப்படி இருந்தது என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்யவில்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன் என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு சம்மணமிட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"அப்பல்லாம் இது இன்னும் ரொம்பப் பெருசு. எங்க எருமை ஒண்ணு, பேரு பூரி, மேய்ஞ்சுக்கிட்டே அந்த உச்சி வரைக்கும் போயிடும். சாயங்காலம் வந்தா மடியிலருந்து தயிராத்தான் கறக்கும்."

"உச்சி வரைக்குமா?"

"தினமும்."

நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்து, அப்புறம் என்ன ஆச்சு என்றேன்.