முன்பக்கம் ஒட்டிய அறிவிப்பு

காலையில் எழுந்ததும் அவன் முதலில் பால்புட்டிகளைக் கொதிக்க வைப்பான். கொதிப்பதற்குள் பல் துலக்கிவிடுவான். புட்டிகளைத் துணியில் கவிழ்த்துவிட்டுப் பாப்பாவுக்கு ஈரத்துணி மாற்றுவான். பாப்பா அழுதால் தோளில் போட்டுக்கொண்டு அரிசி கழுவுவான். அழாவிட்டால் பாயிலேயே விட்டுவிட்டுக் கழுவுவான். குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மச்சினியை எழுப்புவான். எழுப்புவது என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். அவள் தூங்கியிருந்தால் அல்லவா எழுப்புவதற்கு. சுவரில் சாய்ந்து, அக்காவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"விடிஞ்சிருச்சு," என்பான்.

"தெரியும் மாமா," என்பாள்.

அத்தோடு வீட்டில் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு குடிநீர் அலுவலகம். ஊர்க் குழாய்களிலிருந்து பிடித்து வரும் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. வேதியியல் படித்தவனுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். மனைவி போன மறுவாரமே அவன் வேலைக்கு வந்துவிட்டான். சரியான கல்நெஞ்சுக்காரன் என்று பக்கத்து மேசையில் பேசிக்கொண்டது அவன் காதில் விழத்தான் செய்தது. மறுக்கத் தோன்றவில்லை.

அந்த அலுவலகத்துக்குத்தான் கோந்து அவனைத் தேடி வந்தாள். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. பெரிய மருத்துவமனை, நகராட்சி, மகளிர் சங்கம், வேன் ஓட்டுநர்கள், மருந்துக் கிடங்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாதவர்களை எல்லாம் ஒரே மேசையில் ஒட்டி வைத்திருந்ததால் ஊர் அவளை அப்படிக் கூப்பிட்டது. அவளும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டாள். பட்டணத்தில் இருக்கிறவனுக்குக் கிடைக்கிற வைத்தியம் கடைக்கோடியில் இருக்கிறவனுக்கும் கிடைக்க வேண்டும், உடம்புக்கு மட்டுமல்ல மனசுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காக உண்டான கூட்டமைப்பு அது. அதன் பலனாக இந்த ஊர் மருத்துவ நிலையத்தில் ஒரு சின்ன அறை கிடைத்தது. வாரம் ஒரு முறை, புதன்கிழமை, மனநல ஆலோசகர் அங்கே வந்து உட்காருவார்.

அந்த அறையை மூடப் போகிறார்கள் என்று சொல்லத்தான் கோந்து வந்திருந்தாள். கொஞ்ச காலமாக ஆட்கள் வருவது சுத்தமாகக் குறைந்துவிட்டதாம். ஊருக்குத் தேவையில்லை போலிருக்கிறது, பட்டணத்துக்கே மாற்றிவிடலாம் என்று மேலே பேச்சாம். வருகிற கூட்டத்தில் முடிவு செய்வார்கள்.

"நீ வந்து பேசினா நிக்கும் தம்பி. உன் வாயால கேட்டா யாருக்கும் மனசு வராது மூடறதுக்கு."

பேச வேண்டியதையும் அவளே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். நன்றாகத்தான் எழுதியிருந்தாள். கடைசி வரியில், அவன் மனைவி கடைசியாகச் சொன்னதாக, 'என்னைப் போல இன்னொருத்தி இருட்டில் நிற்கக் கூடாது' என்று இருந்தது. அவன் அதை இரண்டு முறை படித்தான்.

"இத அவ சொல்லல."

"தெரியும்பா. ஒரு முடிப்பு வேணும்ல."

"கதவப் பத்தி ஒண்ணுமே இல்லியே இதுல."

கோந்து அலுவலக வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். மருந்துக் கிடங்கின் மேலாளர்தான் அந்த அறைக்கு வாடகை தருகிறார், அவரைச் சுருக்கென்று ஏதாவது சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவார், பிறகு அறையும் போய்விடும் என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை.

கதவு விஷயம் இதுதான். ஊர் சின்ன ஊர். மருத்துவ நிலையத்தின் முன்பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்தாலும் எதிர்வரிசைக் கடைகளுக்குத் தெரியும். மனசுக்கு வைத்தியம் என்றால் பைத்தியம் என்றுதான் பேச்சு பரவும். அதனால் மகளிர் சங்கத்துப் பெண்கள் ஒரு யோசனை சொன்னார்கள். சலவைக் கொடிகள் கட்டிய சந்து வழியாகப் பின்வாசல் ஒன்று இருந்தது. புதன்கிழமை அதைத் திறந்து வைப்பது. வீடு வீடாகப் போய், முன்பக்கம் தலை காட்டாதீர்கள், பின்பக்கமாக வாருங்கள், ஒரு காக்காய்க்கும் தெரியாது என்று சொல்லி வைத்தார்கள். பெண்கள் வந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு வாயடைத்துப் போயிருந்த அவன் மனைவியும் வந்தாள். இரண்டு புதன்கிழமை போனதும், பாப்பாவைப் பார்த்து ஒருதரம் சிரிக்கக்கூடச் செய்தாள்.

அந்தச் சமயத்தில் மருந்துக் கிடங்கு பக்கத்து அறைக்குச் சரக்கைக் கொண்டுவந்து இறக்கியது. தூக்க மாத்திரை அட்டைகள் காணாமல் போயின. மேலாளர் பின்வாசலுக்குப் பெரிய பூட்டாகப் போட்டார். பூட்டியதோடு விடவில்லை, பொறுப்பாக ஓர் அறிவிப்பும் எழுதி ஒட்டினார். பின்வாசல் மூடப்பட்டுள்ளது, முன்வாசலைப் பயன்படுத்தவும். அதை எல்லோரும் பார்க்கிற இடத்தில், முன்பக்கத்துப் பலகையில் ஒட்டினார்.

மூன்றாவது புதன்கிழமை அவன் மனைவியையும் பாப்பாவையும் சந்து முனையில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டுவிட்டு வேலைக்குப் போனான். ஆலோசகர் உள்ளே காத்திருந்தார். அவள் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அவள் பூட்டின் இந்தப் பக்கம் நின்றிருந்தாள். நெடுநேரம் நின்றதாகத் துணி துவைக்கிறவர் பிற்பாடு சொன்னார். யாரையோ பார்க்க வந்த பெண் என்று நினைத்தாராம். தட்டவில்லை, கூப்பிடவில்லை. பிறகு நடந்தே வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் அவன் வந்தபோது பாப்பா மட்டும்தான் உயிரோடு இருந்தது.

அக்காவின் காரியத்துக்கு வந்த மச்சினி பாப்பாவுக்காகத் தங்கிவிட்டாள். முதலில் தூக்கம் போயிற்று. அப்புறம் சாப்பாடு. இப்போது பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்து வந்தது. இந்த வரிசை அவனுக்கு மனப்பாடம். ஆலோசகரிடம் போவோம் என்றால், அந்தச் சந்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்றாள். முன்பக்கமாகப் போவோம் என்றால், ஊர் பார்க்கும் என்றாள். பட்டணம் என்றால் இரண்டு பேருந்து மாற வேண்டும். வீட்டு வாசலைத் தாண்டவே யோசிக்கிறவள் அங்கே எங்கே போகப் போகிறாள். அறை போய்விட்டால் இவளும் போய்விடுவாள் என்பது மட்டும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. மற்ற எதுவும் தெளிவாக இல்லை.

கூட்டம் நகராட்சி மாடியில். அவனுக்கு ஒதுக்கிய இடத்தில், பெயருக்குப் பதிலாக 'குடும்பத்தினர்' என்று ஓர் அட்டை வைத்திருந்தார்கள். பெரிய மருத்துவமனை அதிகாரி, ஆலோசகரிடம் வந்தவர்களின் கணக்கைத் திரையில் வரைபடமாகப் போட்டுக் காட்டினார். கோடு ஏறி ஏறி வந்து ஓரிடத்தில் பொத்தென்று விழுந்தது. இதிலிருந்து இந்த ஊரில் தேவை குறைந்திருப்பதாகத் தெரிகிறது என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். தேநீர் வந்தது. அப்புறம் அவனைப் பேசச் சொன்னார்கள்.

அவன் தாளைப் படித்தான். பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போலத்தான் வந்தது. இருந்தும் மகளிர் சங்கத் தலைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருந்துக் கிடங்கு மேலாளரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கடைசி வரி வந்தது. கோந்து எதிரே உட்கார்ந்து, சொல்லு சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"அந்தக் கோடு விழுந்த வாரம்தான் பின்வாசலப் பூட்டினீங்க," என்றான்.

மேலாளர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மாத்திரை களவு போச்சு தம்பி. பூட்டாம என்ன பண்றது? அத தின்னு யாராவது செத்தா யாரு பதில் சொல்றது?"

"பூட்டினது தப்புன்னு சொல்லல சார். எங்க எழுதி ஒட்டினீங்க?"

"முன்னாடிதான். எல்லார் கண்ணுலயும் படற இடத்துல."

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது போலிருந்தது. வேன் ஓட்டுநர்களின் தலைவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "நல்லா ஒட்டினீங்க போங்க," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"முன்னாடி வராதீங்கன்னு நாங்கதானே சொல்லி வச்சோம்," என்றார் மகளிர் சங்கத் தலைவி. அவர் அதை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்தது சண்டையும் இல்லை, சமாதானமும் இல்லை. பூட்டியதைத் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார் மருத்துவமனை அதிகாரி. சொல்லவேண்டியது யார் வேலை என்று கேட்டதற்கு ஆளுக்கொருவரைக் காட்டினார்கள். மேலாளர், தன்னைக் கொலைகாரன் ஆக்குகிற இடத்தில் தனக்கு வேலையில்லை என்று எழுந்தார். வாடகையும் அத்தோடு சரி என்றார். படியிறங்கும் முன் அவன் பக்கத்தில் ஒரு கணம் நின்று, பிறகு போனார். கோந்து நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

கடைசியில் மருத்துவ நிலைய டாக்டர்தான் வாயைத் திறந்தார். புதன்கிழமை மதியம் தன் அறையே சும்மாதான் கிடக்கிறது, ஆலோசகர் அங்கே உட்காரட்டும் என்றார். ஆனால் அதற்கு ஒரே வழிதான், முன்வாசல். யாராவது வருவார்களா என்று அதிகாரி கேட்டார். மூன்று மாதம் பார்ப்போம், வராவிட்டால் பட்டணத்துக்கு மாற்றிவிடுவோம் என்று முடிவாயிற்று. அறை நின்றதா போனதா என்று கேட்டால், இரண்டும்தான்.

அன்றிரவு அவன் மச்சினியிடம் சுற்றி வளைக்காமல் சொன்னான்.

"புதன்கிழமை போறோம். முன்னாடி வழியாதான்."

"நான் வரல மாமா."

"நானும் உள்ள போறேன். எனக்கும் பேர் குடுத்திருக்கேன்."

அவள் போர்வையைக் கொஞ்சம் இறக்கி அவனைப் பார்த்தாள். "உங்களுக்கு என்ன?"

"தெரியல. அதான் போறேன்."

புதன்கிழமை பாப்பாவையும் தூக்கிக்கொண்டு மூவரும் போனார்கள். முன்பக்கத்து பெஞ்சு வெயிலில் காய்ந்து கிடந்தது. வேறு யாரும் வரவில்லை. உட்கார்ந்ததும் எதிரே தையல் கடையில் இயந்திரச் சத்தம் நின்றது. முடிவெட்டுகிற கடையில் பாதித் தலையோடு ஒருவர் கழுத்தைத் திருப்பினார். மச்சினி பாப்பாவின் துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தையல்காரம்மா தெருவைத் தாண்டியே வந்துவிட்டார்.

"பாப்பாவுக்கு என்னம்மா, காய்ச்சலா?"

மச்சினி நிமிரவில்லை.

"பாப்பாவுக்கு இல்லக்கா," என்றான் அவன். "எங்களுக்கு. மனசு சரியில்ல."

தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் போனார். இயந்திரம் மறுபடி ஓடுவதற்கு வெகுநேரம் ஆயிற்று. இன்று இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அவன் நினைத்தான். நினைத்தபோது மனசை ஒன்றும் செய்யவில்லை. பலகையில் அந்த அறிவிப்பு இன்னும் ஒட்டியபடியே இருந்தது. நிறம் வெளுத்து, ஓரம் சுருண்டிருந்தது. யாரும் கிழிக்கவில்லை. அவனும் கிழிக்கவில்லை.

உள்ளேயிருந்து ஆலோசகர் வந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். யார் முதலில் என்று கேட்டார். மச்சினி எழுந்தாள், பாப்பாவை அவனிடம் தந்தாள், இரண்டடி வைத்தாள். நின்றுவிட்டாள். இத்தனை நாளில் அவள் கேட்காத ஒன்றைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு அக்கா உங்ககிட்ட கடைசியா என்ன மாமா சொன்னா?"

அவன் பாப்பாவைத் தோளில் சரியாகச் சாய்த்துக்கொண்டான். அன்று சந்து முனையில் என்ஜின் ஓடியபடியே வண்டி நின்றது. நீ உள்ளே போகிற வரைக்கும் நிற்கட்டுமா என்று அவன் கேட்டிருந்தான். அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, போகச் சொல்லிக் கையை ஆட்டினாள். அப்போது அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

"நீங்க கிளம்புங்க, நேரமாச்சு. கதவு தொறந்துதான் இருக்கும்."