பூபதி சொன்ன சரிங்க

பாலக்காட்டு எல்லையோர ஊரான நல்லேப்பிள்ளியில் பூபதிராஜாவைப் பற்றி யாரும் குறை சொல்லிவிட முடியாது. மரியாதைக்காரன். எதிரே நிற்பவர் வாயைத் திறந்தால் போதும், "சரிங்க" என்பான். ஒத்துக்கொண்டேன் என்று அதற்கு அர்த்தமில்லை. காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள், அவ்வளவுதான். வேலந்தாவளம் சந்தையில் மாட்டுத் தரகர் வாய்க்கு வந்த விலையைச் சொல்வார், இவன் சரிங்க என்பான், அதற்கப்புறம்தான் பேரமே தொடங்கும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாட்டை இவன் தலையில் கட்ட எந்தத் தரகரும் துணிந்ததில்லை. தரகருக்கு இருக்கும் அந்த நியாயம் கோர்ட்டிலும் இருக்கும் என்று பாவம் அவன் நினைத்துவிட்டான்.

கிணறு வற்றி, வயல் கைவிட்ட பிறகு அவன் ரயில்பாதை வேலைக்குப் போனான். ரயில்வே ஆள் இல்லை, காண்டிராக்டரின் ஆள். வாளையாறு பக்கம் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது கடப்பாரை நழுவி, தண்டவாளம் இடது காலின் மேல் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்து கண்ணைக் கசக்கிய காண்டிராக்டர், வழக்கு என்றதும் கையை விரித்துவிட்டார். அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லையாம், குடித்துவிட்டு லைனைக் கடக்கும்போது அடிபட்டானாம்.

கூட இருந்த வடநாட்டு ஆட்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். காலின் மேலிருந்து தண்டவாளத்தைத் தூக்கிய மேஸ்திரி கருப்புசாமி, இப்போது பூபதியை எதிரே கண்டால் ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போகிறான். அவனுக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு, என்ன செய்வான். ஆக, அன்று வேலையில்தான் இருந்தேன் என்று சொல்வதற்குப் பூபதியின் வாயை விட்டால் வேறு நாதியில்லை. அதைக் கோர்ட் நம்பினால்தான் நஷ்டஈடும் செயற்கைக் காலும். நம்பாவிட்டால் மிச்ச ஆயுளும் ஊன்றுகட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான். அவன் மனைவி செல்வப்பிரியா இதை நினைக்காத நாளில்லை.

வழக்கை நடத்தியவர் கல்பாத்தி மாதுரி. ஏழைகளின் வழக்கு என்றால் முகம் சுளிக்காத வக்கீல். விசாரணைக்கு முன்னால், செல்வப்பிரியாவும் கூட இருக்க, பூபதியை உட்கார வைத்துச் சொன்னார்: "அந்தண்டை வக்கீல் சீண்டுவார், கோபப்படப்படாது, கேட்டேளா? கேள்வியை முழுக்கக் கேட்டுண்டு, நிதானமா பதில் சொல்லுங்கோ."

பூபதி சரிங்க என்றான். அங்கே இருந்த மூன்று பேரும் தமிழர்கள். யாருக்கும் அந்தச் சொல் உறுத்தவில்லை.

பாலக்காட்டுக் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற பேச்சே எழவில்லை. இங்கே தமிழ் தெரியாதவர் யார், மலையாளம் புரியாதவர் யார் என்று எல்லோருக்கும் ஒரு மிதப்பு. காண்டிராக்டரின் வக்கீல் ஜோமோன் சீண்டவே இல்லை. அண்ணன் தம்பியிடம் பேசுவதுபோல் தழைந்த குரலில், அன்றைக்கு வேலைக்கே வரவில்லை அல்லவா என்று மலையாளத்தில் கேட்டார். "அன்னு நிங்ஙள் ஜோலிக்கு வந்நதே இல்ல, அல்லே?"

"சரிங்க," என்றான் பூபதி, முழுக்கக் கேட்டுக்கொண்டதன் அடையாளமாக. பிறகு பதிலுக்கு மூச்செடுத்தான். மூச்சு முடிவதற்குள் ஜோமோன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். சொந்தக் காரியமாக லைனைக் கடந்தீர்கள்? சரிங்க. கொஞ்சம் குடித்திருந்தீர்கள்? சரிங்க. வாழ்நாளில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனுசன்.

செல்வப்பிரியாவுக்கு இரண்டாவது சரிங்கவிலேயே விபரீதம் புரிந்துவிட்டது. அவள் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். சரி என்றால் மலையாளத்தில் உண்மைதான் என்று ஆகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் அது தோன்றவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டாள். பின் பெஞ்சில் எழுந்து நின்றாள். உட்காரும்படி டவாலி கையைக் காட்டினார், உட்கார்ந்தாள். டைப் அடிக்கும் சத்தம் ஒவ்வொரு சரிங்கவுக்கும் பின்னாலேயே ஓடி வந்தது.

மாதுரி துள்ளி எழுந்து ஆட்சேபித்தார். இது கொங்குநாட்டு மரியாதைச் சொல், சம்மதம் அல்ல என்றார். ஜோமோன் சிரித்தபடி, எந்த மொழியிலும் சரி சரிதானே என்றார். வழக்கை விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய அதிகாரி கெட்டவர் இல்லை. சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று பூபதியிடமே கேட்டார், நிங்ஙள்க்கு மலையாளம் மனசிலாவுமோ என்று.

செல்வப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினாள், இல்லை என்று சொல், இல்லை என்று சொல்.

பூபதி நிமிர்ந்தான். எல்லையோரத்து ஆள் என்று சொல்லி யாரும் தன்னை மட்டம் தட்டிவிடக் கூடாது என்று அவனுக்கு எப்போதும் ஒரு ரோஷம் உண்டு. "நல்லா வெளங்குமுங்க. நாங்க பொறந்ததே கேரளாவுலதானுங்க."

அதோடு முடிந்தது. மாதுரி மறுபடி விசாரித்தபோது அவன் வேலைக்கு வந்ததையும், கடப்பாரை நழுவியதையும், கருப்புசாமி தூக்கியதையும் கண்ணீரோடு சொன்னான். வக்கீல் சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறான் என்றார் ஜோமோன். அதிகாரி எல்லாவற்றையும் பதிந்துகொண்டார்.

ஓணம் கழிந்து தீர்ப்பு வந்தது. மாதுரி எர்ணாகுளம் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போகலாம் என்றார், ஆனால் அவர் குரலிலேயே சத்து இல்லை. கட்சிக்காரரே ஒத்துக்கொண்ட வழக்கை அங்கே எவர் திறந்து பார்ப்பார்? செல்வப்பிரியா தீர்ப்பின் நகலை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவன் வாசிக்கச் சொன்னான். கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, மலையாளத்தைத் தமிழாக்கி, வரிவரியாகச் சொன்னாள். அன்று அவன் வேலைக்கு வரவில்லை. காண்டிராக்டருக்கும் அவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இதை அவனே ஒப்புக்கொண்டிருக்கிறான்.

அவன் முழுக்கக் கேட்டான். கோபப்படவில்லை. வேட்டிக்குள் குட்டையாக முடிந்துபோன காலைக் கொஞ்சநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏம்புள்ள, அன்னைக்கு நான் வேலைக்கே போகலீன்னா, என்ற காலு எங்க போச்சாம்? அதுல எழுதியிருக்குதா?"

அவளுக்குத் தெரியும், இல்லை என்று. இருந்தாலும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி தேட ஆரம்பித்தாள்.