அக்டோபரில் காலாவதியாகும் பை

1

இந்தக் கதை ஒரு காலாவதித் தேதியிலிருந்து வந்தது.

ஷின்சு நகரில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் வெற்றிட இயந்திரத்தின் மேல் ஒரு பச்சைப் பை இருக்கிறது. தேங்காய்ப்பால் சுவைச் சோளப்பொரி. அது இருந்தால் இயந்திரம் சமர்த்தாக ஓடும். இதை யாரும் நம்புவதில்லை. எடுத்துவிடவும் யாருக்கும் தைரியம் இல்லை.

பை காலாவதியாகக் கூடாது. வைத்தவர்தான் வந்து மாற்ற வேண்டும். அதனால் எல்லோரும் தேதி தள்ளியிருப்பதாகப் பார்த்து வாங்குவார்கள். இந்தப் பை அக்டோபரிலேயே முடிகிறது.

வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. யுன்-சி என்று பெயர் வைத்தேன்.

2

முதல் தொடக்கம்: ஜூலை வெயிலில், தெற்கே பிங்டுங்கிலிருந்து வந்த ரயிலில், சன்னலோரம் ஒரு மாணவி—

வேண்டாம்.

இரண்டாவது: கோடைப் பயிற்சிக்கு வந்த யுன்-சிக்கு ஆய்வகத்து சீனியர் மிங்-காயைப் பிடித்திருந்தது. உண்மைதான். ஆனால் அடுத்த வரி வரவில்லை.

மூன்றாவது: யுன்-சி மஞ்சள் பையை வாங்கி வந்தாள்.

இது இருக்கட்டும்.

3

கடையில் பச்சை தீர்ந்துவிட்டது. மஞ்சள் இருந்தது. அதையே வாங்கி இயந்திரத்தின் மேல் வைத்தாள். மதியம் பம்ப் நின்றுவிட்டது.

"யாரு வச்சது இதை?" போ-ருய் கத்தினான். அவன் முனைவர் பட்டத்துக்கு நெடுங்காலமாகப் படிப்பவன். "ரோட்ல சிக்னல் பாத்ததில்லியா நீ? மஞ்சள் விழுந்தா என்ன பண்ணுவ?"

"வேகமா போவோம்ணா," என்றாள் யுன்-சி.

பம்பைக் கழற்றிக்கொண்டிருந்த மிங்-காய் சிரித்துவிட்டான். "பை மேல பழி போடாதடா. ரப்பர் வளையம் விரிஞ்சிருக்கு."

"சரி, அது ஏன் இன்னிக்கு விரிஞ்சுது?"

போ-ருய் பையைத் தூக்கி மேசையில் எறிந்தான்.

"முதலாளி கேட்டா என்ன சொல்றது சீனியர்?" என்று மிங்-காயிடம் கேட்டாள் யுன்-சி. பேராசிரியரைத்தான் சொன்னாள்.

(மிங்-காயையும் அவள் 'அண்ணா' என்றுதான் கூப்பிட வேண்டும். இந்தக் கதையில் அது எனக்குத் தொல்லை; 'சீனியர்' ஆக்கிவிட்டேன்.)

"நான் வச்சேன்னு சொல்லிக்கிறேன். வா, தடயத்தைத் தின்னுடலாம்," என்றான் மிங்-காய்.

பின்படியில் உட்கார்ந்து தின்றார்கள். காற்று பையைப் பறிக்கப் பார்த்தது.

"நீ இல்லாம போனா லேப் போரடிக்கும்," என்றான்.

"இருக்கேனே."

"ஆகஸ்ட் வரைக்கும்."

[இங்கே விரல்கள் பட்டுக்கொண்டதாக ஒரு வரி எழுதி அடித்தேன். படவில்லை. ஒரே பைக்குள் கை விடுகிறவர்கள் முறை வைத்துக்கொள்வார்கள்.]

4

மிங்-காயை எனக்குப் பிடிபடவில்லை. திரும்பி வா என்று சொல்லத் தெரியாதவனா, சொல்ல விரும்பாதவனா? பயிற்சி முடிந்தால் அவள் தெற்கே போய்விடுவாள். அவன் இங்கேயே இருப்பான். அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. தினமும் அவனுக்கு முன்பே வந்து இயந்திரத்தை ஓடவிட்டாள். "சீக்கிரம் வந்துட்டியே," என்பான். அதோடு சரி.

ஒருவேளை அவன்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.)

5

கடைசி நாள். மஞ்சளுக்குப் பதிலாக அவள் வைத்திருந்த பச்சைப் பைக்குத் தேதி முடிந்திருந்தது. நான் மாற்றுகிறேன் என்றாள்.

கடையில் பழைய சரக்கை முன்னால் அடுக்குவார்கள். ஆய்வகத்துக்காரர்கள் அலமாரியின் உள்ளே தோள்வரை கைவிட்டு, பின்வரிசைப் பையை எடுப்பார்கள். அவள் குனிந்து ஒவ்வொன்றாகத் தேதி பார்த்தாள். முதல் வரிசையில் இருந்ததை எடுத்தாள்.

மிங்-காய் பையைப் புரட்டிப் பார்த்தான்.

"தேதி பாத்து வாங்கினியா?"

"பாத்துதான் வாங்கினேன்."

"அக்டோபர்ல முடியுதே."

"தெரியும் சீனியர்."

"கடைசி நாள்லயும் சொதப்பலா!" என்றான் போ-ருய், திரையிலிருந்து தலையைத் தூக்காமல். "போய் வேற வாங்கிட்டு வரச் சொல்லுடா."

மிங்-காய் அவளைப் பார்த்தான். பிறகு பையை இயந்திரத்தின் மேல் வைத்தான்.

"இருக்கட்டும்," என்றான்.

6

மூன்று முடிவுகள் எழுதினேன்.

அக்டோபரில் அவள் புதுப் பையோடு கதவைத் தட்டுகிறாள்.

அல்லது, போ-ருய்க்குப் பசிக்கிறது.

அல்லது, மிங்-காய் அவளுக்குப் போன் செய்கிறான்: "மிஷின் ரொம்பப் படுத்துது. நீ வந்து பாத்தாதான் சரிப்படும்." அவன் முதுகுக்குப் பின்னால் இயந்திரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதையும் அடித்தேன்.

இப்போது செப்டம்பர் முடிகிறது. புதிதாகச் சேர்ந்த மாணவன் அந்தப் பையை மாற்றட்டுமா என்று கேட்டான். வேண்டாம், வைத்தவர் வரட்டும் என்றேன்.

இன்று காலை பார்த்தேன். யாரோ பையைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். உள்ளே வருகிறவர்களுக்கு முதலில் தேதிதான் தெரிகிறது.

அந்த மிங்-காய் நான் உண்டாக்கியவன். அவனால் ஒரு பையைத் திருப்ப முடியாது.

யார் திருப்பியது என்று நீங்கள் சொல்லுங்கள்.