எல்லாம் சேர்ந்து மங்கிய வாரம்

அந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. அதன் அலை ஆண்டெனாவுக்குள் புகுந்து அளவுகளைக் கெடுத்துவிடும். கட்டுப்பாட்டு அறைக்கு ஜன்னல்கூடக் கிடையாது, சுவர் முழுக்க இரும்புத் தகடு. அதற்குள்தான் அவள் நாலு வருடமாக அடைந்து கிடந்தாள். வானத்தில் ரேடியோ அலை வீசும் புள்ளிகளை வாராவாரம் அளந்து, எது பிரகாசமாகிறது, எது மங்குகிறது என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. கணவனும் மகளும் வேறு ஊரில். நிலையத் தலைவர் அவளுடைய முனைவர் பட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் ஊருக்குக் கிளம்பிவிடலாம்.

கடைசியாக ஒருமுறை வரைபடங்களைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு வாரத்தில் ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளும் மங்கியிருந்தன. ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாதவை எப்படிப் பேசிவைத்துக்கொண்டு மங்கும்? மாறவே மாறாது என்று நம்பி, எதோடு மற்ற எல்லாவற்றையும் ஒப்பிட்டாளோ, அந்த ஒரு புள்ளிதான் பிரகாசமாகியிருக்கிறது. அதனால்தான் அதோடு ஒப்பிட்ட மற்றவை எல்லாம் மங்கியதுபோலத் தெரிந்திருக்கின்றன. வேறு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மதியம்வரை மூடிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு வரைபடத்தைக் கொண்டுபோய்த் தலைவரின் மேசையில் விரித்தாள்.

"பேனாவைத் திறந்துட்டேனேம்மா! நாளைக்குக் காட்டியிருக்கக் கூடாதா?"

"நாளைக்குன்னா காட்டியிருக்க மாட்டேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அதை நம்பி அளந்ததெல்லாம் வீண். திரும்ப அளக்கணும். வருஷத்துக்கு மேல ஆகும். போறதுன்னா போ, நான் தடுக்கல. ஆனா பட்டம் வராது."

வராந்தாவில் இருந்த ஒரே தொலைபேசியில் கணவனைக் கூப்பிட்டாள். அவன் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"சரி, பாப்பாகிட்ட நீயே சொல்லிடு. என்னால முடியாது."

மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, கட்டில்ல உனக்கு இடம் விட்டுத்தான் படுக்கறேன்!"

"அப்படியே விட்டு வை கண்ணு."

"எவ்வளவு நாளைக்கு?"

போனுக்காகப் பின்னால் காத்திருந்த சமையற்காரர் லேசாகச் செருமினார்.

"அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள். சொல்லும்போதே தெரியும், அது ஆகாது. ஆனாலும் மகள் திரும்பச் சொல்லச் சொன்னாளே என்று இன்னொரு முறை சொன்னாள்.